மலையகத்து வீட்டில் ஓர் ஓடைத் தொட்டி: நீர் ஒரே திசையில் ஓட என்ன செய்ய வேண்டும்?

சாதாரண மீன் தொட்டியில் தண்ணீர் சுற்றுகிறது, ஓடுவதில்லை. மூலையில் இருக்கும் பில்டர் கக்கும் நீர் எதிர்க் கண்ணாடியில் மோதித் திரும்புகிறது. நடுவில் ஒரு சுழல், மூலைகளில் அசையாத குட்டைகள். குப்பை அந்தக் குட்டைகளைத் தேடிப் போய்ப் படிகிறது. கப்பிக்கும் தங்கமீனுக்கும் இந்த ஏற்பாடு போதும். பாயும் நீரை எதிர்த்து நீந்துவதையே வாழ்க்கையாகக் கொண்ட மீன்களுக்குப் போதாது.

ஓடைத் தொட்டியின் யோசனை எளிது. தொட்டியின் ஒரு முனையில் பம்ப் இருந்து நீரை நீளவாக்கில் தள்ளும். மறுமுனையில் ஸ்பொஞ்ச் மாட்டிய இரண்டு குழாய்கள் நின்று அதை உறிஞ்சும். உறிஞ்சப்பட்ட நீர், கூழாங்கற்களுக்கு அடியில் புதைந்த குழாய்களின் வழியே மீண்டும் பம்புக்கே வந்து சேரும். திரும்பும் பாதை மறைந்துவிடுவதால், பார்ப்பவருக்கு நீர் ஒரு பக்கமாக மட்டுமே போவதாகத் தெரியும்.

புதியவர்களுக்கு இது நல்ல தொடக்கம் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. குழாய், பம்ப், ஸ்பொஞ்ச் எல்லாமே தொட்டிக்குள் மூழ்கியிருக்கின்றன. மூட்டு கசிந்தால் தொட்டி நீர் தொட்டிக்குள்ளேயே கசியும். மின்சாரம் நின்றால் நீர் வழிந்து வீட்டுக்குள் வராது. கண்ணாடியில் துளை போட வேண்டியதில்லை, பசை ஒட்ட வேண்டியதில்லை.

தொட்டியும் அது நிற்கும் இடமும்

நான்கு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம். கடையில் கேட்டால் இதைவிட அகலமான, உயரமான தொட்டிகளைக் காட்டுவார்கள், ஆசைப்பட வேண்டாம். ஓடைக்கு நீளம்தான் வேண்டும். அகலமும் ஆழமும் கூடக்கூட அதே பம்பின் வேகம் குறைந்துகொண்டே போகும். இந்த அளவுத் தொட்டியில் பத்து அங்குலம் நீர் விட்டால் ஏறத்தாழ 90 லீற்றர் பிடிக்கும். மணிக்கு 1,500 லீற்றர் தள்ளும் ஒரு பம்ப் போதும். மொத்த நீரும் மணிக்குப் பதினாறு தடவைக்கு மேல் சுழன்றுவிடும்.

பதினாறு என்றதும் காட்டாறு என்று எண்ணிவிடக் கூடாது. அந்த 1,500 லீற்றரைத் தொட்டியின் குறுக்குப் பரப்பால் வகுத்துப் பாருங்கள்: சராசரி வேகம் செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றரைக்கூட எட்டாது. பம்பின் வாய்க்கு எதிரே நீர் வேகமாகப் பாயும், விலகப் போனால் தணியும். ஆகவே நமக்கு வேகத்தைத் தரப்போவது பம்ப் மட்டுமல்ல. கற்களை அடுக்கும் விதமும்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

நீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 140 கிலோவைத் தாண்டும். இரும்புத் தாங்கி செய்துகொள்வது நல்லது. தாங்கிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அரை அங்குல ரெஜிபோம் தகடு ஒன்றை விரியுங்கள்; தாங்கியின் சிறு மேடு பள்ளத்தால் கண்ணாடி விரிசல் விடாமல் அது காக்கும். இஸ்தோப்பில் வைத்தால் காலை வெயில் நேராக விழாத பக்கமாகப் பாருங்கள்.

குழாய் வேலை

ஹார்ட்வெயார் கடையில் முக்கால் அங்குல எஸ்லோன் குழாய் ஒரு நீளம், அதே அளவில் எல்போ (வளைவு மூட்டு) நான்கு, டீ (T வடிவ மூன்று வாய் மூட்டு) ஒன்று, மூடி இரண்டு. பசை வாங்க வேண்டாம். அரை அங்குலக் குழாய் மலிவு என்று அதை எடுத்துவிடாதீர்கள். குழாயின் உள்விட்டம் சிறிது குறைந்தாலும் உராய்வு பலமடங்கு ஏறும். அதே அளவு நீருக்கு அரை அங்குலக் குழாய் மூன்று, நான்கு மடங்கு தடை கொடுக்கும். மீன் தொட்டிப் பம்புகளுக்கு இந்தத் தடையை எதிர்த்துத் தள்ளும் பலம் கிடையாது. பெட்டியில் 1,500 என்று அச்சிட்டிருப்பது தடையே இல்லாதபோது கிடைக்கும் அளவு.

அமைப்பைத் தரையில் வைத்துப் பொருத்திப் பாருங்கள். பம்ப் இருக்கும் முனையில், அகலத்தின் நடுவே டீயைத் தலைகீழாக வையுங்கள். அதாவது நடுக்கால் மேல்நோக்கி நிற்கட்டும். அதன் இரண்டு கைகளிலும் சிறு துண்டுக் குழாய்கள், அவற்றின் முனையில் ஆளுக்கொரு எல்போ. அந்த எல்போக்களிலிருந்து இரண்டு நீண்ட குழாய்கள் தொட்டியின் இரு நெடும்பக்கங்களை ஒட்டி மறுமுனை வரை போகும். அங்கே மேல்நோக்கித் திரும்பும் இரண்டு எல்போக்கள், அவற்றில் நிற்கும் ஐந்து அங்குலத் துண்டுகள் இரண்டு, தலையில் மூடி. தொட்டியின் வெளியளவை நம்பி வெட்ட வேண்டாம். கண்ணாடியின் தடிப்பும் மூட்டுகளுக்குள் நுழையும் நீளமும் சேர்ந்து கணக்கைக் குழப்பும். மூட்டுகளை மாட்டி, தொட்டிக்குள் வைத்து, இடைவெளியை அளந்து வெட்டுங்கள். வெட்டிய விளிம்பை அரத்தால் மழுங்கடிக்க மறக்க வேண்டாம்.

ஐந்து அங்குலத் துண்டுகளில்தான் துளை போட வேண்டும். ஒவ்வொன்றிலும் 6 மில்லிமீற்றர் துளைகள் இருபது இருபத்துநான்கு, சுற்றிலும் பரவலாக. துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் வாய்ப்பரப்பைவிடக் கூடுதலாக இருந்தால்தான் உறிஞ்சல் மென்மையாக இருக்கும். கணக்குப்படி பன்னிரண்டு துளைகள் சமம், மிச்சம் நமது பாதுகாப்புக்கு. இவற்றின் மேல் நடுவில் துளையுள்ள பில்டர் ஸ்பொஞ்சை இறுக்கமாகச் செருகுங்கள். மிக நுண்ணிய ஸ்பொஞ்ச் இரண்டு நாளில் அடைத்துக்கொள்ளும். சற்றுக் கரடானதே நல்லது.

தரையில் படுத்திருக்கும் நீண்ட குழாய்களில் துளை போடாதீர்கள். பழைய முறையில், கல்லுக்கு அடியிலிருந்தே நீரை உறிஞ்சும் பில்டர்கள் இருந்தன. அதைப் பார்த்தவர்கள் இங்கேயும் கை துறுதுறுத்துத் துளையிட்டுவிடுகிறார்கள். பிறகு பம்ப் தனக்குப் பக்கத்திலேயே நீரை உறிஞ்சித் தானே கக்கிக்கொண்டிருக்கும். நீர் முழு நீளமும் ஓடாது. ஓடைத் தொட்டி மீண்டும் சாதாரணத் தொட்டியாகிவிடும்.

டீயின் நடுக்காலில் ஆறேழு அங்குலக் குழாய் நிற்க, அதன் உச்சியில் பம்பின் உறிஞ்சும் வாய் உட்கார வேண்டும். ஆகவே கீழ்ப்பக்கமாக உறிஞ்சும் பம்பாகப் பார்த்து வாங்குங்கள். வாயும் குழாயும் அளவு பொருந்தாவிட்டால், பழைய சைக்கிள் டியூப் துண்டை இரண்டின் மேலும் இழுத்து மாட்டினால் போதும். இந்த ஓர் இடம் மட்டும் காற்றோ நீரோ நுழையாதபடி இறுக்கமாக இருக்கட்டும். மற்ற மூட்டுகளைக் கையால் அழுத்திச் செருகினாலே போதுமானது. என்றாவது கழற்றிக் கழுவ வேண்டிவரும்போது இந்தப் பசையின்மைக்கு நன்றி சொல்வீர்கள்.

கல்லும் மணலும் எங்கிருந்து வருகின்றன?

முதலில் பெரிய கற்களை வையுங்கள், பிறகே கூழாங்கல்லைக் கொட்டுங்கள். கூழாங்கல்லின் மேல் நிறுத்திய பெருங்கல், மீன் அடியில் தோண்டினால் சரிந்து கண்ணாடியை உடைக்கும். கூழாங்கல் 5 முதல் 8 மில்லிமீற்றர் வரையான உருண்டைகளாக, குழாயை மூடுமளவுக்கு இருந்தால் போதும்.

மலையகத்துப் பாறைகளில் பெரும்பகுதி கடினமான பளிங்குருப் பாறை. நீரில் கரையாது, தொட்டிக்குத் தீங்கில்லை. கண்டி, மாத்தளைப் பக்கங்களில் மட்டும் சுண்ணாம்புச் சத்துள்ள மாபிளும் டொலமைட்டும் கலந்திருக்கும். சந்தேகமான கல்லின் மேல் வினாகிரி சில துளிகள் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். டொலமைட் மெதுவாகத்தான் நுரைக்கும், ஆகவே சுரண்டிய தூளின் மேல் விட்டுப் பாருங்கள். கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, சுடுநீர் ஊற்றி, வெயிலில் காயவிடுங்கள். பானையில் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டாம். உள்ளே ஈரம் புகுந்த கல் வெடித்துச் சிதறலாம்.

தேயிலை வேரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய செடிகளைப் பிடுங்கும்போது கிடைக்கும் அந்த முறுக்கேறிய வேர்க்கட்டைகள் தொட்டிக்குள் மிக அழகாக இருக்கும். ஆசை வருவது இயல்பு. ஆனால் தேயிலையில் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த மருந்து அடிப்பது நெடுங்கால வழக்கம். அதோடு களைநாசினியும் உரமும் பல ஆண்டுகளாக அந்த மண்ணில் இறங்கியிருக்கும். செம்பு மீனுக்கும் நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சு. நம்முடைய மென்னீரில் அதன் நஞ்சு இன்னும் கடுமை. அந்தக் கட்டையை மேசைக் காலாக்குங்கள், தொட்டிக்குள் போடாதீர்கள்.

தண்ணீர்

மலையகத்தில் இரண்டு வகைத் தண்ணீர் கிடைக்கிறது. டவுனில் நீர் வழங்கல் சபையின் குழாய் நீர். அதில் குளோரின் உண்டு. வாளிகளில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் போதும், அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கும் மருந்தைச் சில துளி விடலாம். தோட்டங்களில் பீலி நீர், அல்லது மேலேயுள்ள ஊற்றிலிருந்து ஹோஸில் வரும் நீர். இதில் குளோரின் இல்லை, ஆனால் மேலே என்ன நடக்கிறதோ அது கீழே வரும். உரம் போட்ட மலையில் மழை பெய்தபின் சில நாட்களுக்கு அந்த நீரைத் தொட்டிக்கு எடுக்க வேண்டாம். களைநாசினி அடித்தாலும் அப்படியே. மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நீர் கலங்கலாக வரும். பீப்பாயில் பிடித்துத் தெளியவிட்டுப் பயன்படுத்துங்கள். படிகாரம் போட்டுத் தெளிய வைப்பது குடிநீர்ப் பழக்கம். மென்னீரின் அமிலத்தன்மையை அது திடீரென்று கூட்டிவிடும்.

மென்மைதான் நமது நீரின் குணமும் குறையும். கனிமம் குறைவாக இருப்பதால், மீன் கழிவு சேரச்சேர நீர் அமிலமாவதைத் தடுத்து நிறுத்த அதில் எதுவும் இல்லை. ஒரு கைப்பிடி உடைத்த சிப்பி ஓட்டை மெல்லிய துணிப்பையில் கட்டி, ஸ்பொஞ்சின் பக்கத்தில் போட்டு வைத்தால் மெதுவாகக் கரைந்து சமன் செய்யும். தோட்டத்தில் கவ்வாத்துக்கு முன் மண்ணுக்குப் போடும் டொலமைட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அது மாவு, தொட்டியைக் கலக்கிவிடும்.

குளிரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: "நம்ம ஊர்த் தண்ணீர் குளிர், ஆகவே அதில் ஒட்சிசன் நிறைய." பாதிதான் உண்மை. குளிர்ந்த நீர் கூடுதலாக ஒட்சிசனைப் பிடிக்கும். ஆனால் உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து அதைப் பறித்துக்கொள்கிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 15 பாகை நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஒட்சிசனைத்தான் கொள்ளும். கொழும்பில் 27 பாகை நீர் கொள்ளுவதும் அதே அளவுதான். ஆகவே குளிரை நம்பிக் காற்றூட்டத்தைக் குறைக்க வேண்டாம். பம்பின் வாய் நீர்மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே, சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். மேற்பரப்பு முழுவதும் சுருக்கம் விழ ஓடினால் அதுவே போதிய காற்று.

ஓட்டத்தைப் படித்தல்

நீர் நிறைத்து, பம்பை ஓடவிட்டு, மீன் எதுவும் இல்லாத அந்த முதல் நாளில் ஒரு சோதனை செய்யுங்கள். தேநீர் வடித்த சக்கையைக் கழுவி ஒரு சிட்டிகை பம்பின் முன் தூவுங்கள். துகள்கள் நேராக ஓடி ஸ்பொஞ்சில் ஒட்டும் இடம் ஓடை. சுற்றிச் சுற்றி வரும் இடம் மடு. விழுந்து கிடக்கும் இடம் குப்பைமேடாகப் போகிறது. குப்பைமேட்டின் முன்னால் நிற்கும் கல்லைக் கொஞ்சம் திருப்பினால் பெரும்பாலும் அது தீர்ந்துவிடும். சோதனை முடிந்ததும் அந்த நீரை இறைத்து ஊற்றிவிட்டுப் புதுநீர் நிரப்புங்கள்.

பெரிய கற்களில் இரண்டு பம்பின் பக்கம் இருக்கட்டும், நீர் அவற்றில் மோதிப் பிரியும். இரண்டு கற்கள் நெருங்கி நிற்கும் இடுக்கில் நீர் விரைந்து பாயும். அதற்கு அப்பால், கல்லின் முதுகுப் பக்கத்தில், நீர் ஓய்ந்திருக்கும். ஓடை மீன்கள் நாள் முழுவதும் எதிர்நீச்சல் போடுவதில்லை. கல்லின் மறைவில் நின்று, இரை வரும்போது பாய்ந்து கவ்வி, மீண்டும் மறைவுக்கு வந்துவிடும். மறைவே இல்லாத ஓட்டம் அவற்றுக்குத் தண்டனை. தலவாக்கலையில் சென்கிளேயர் நீர்வீழ்ச்சிக்கு மேலோ, உங்கள் தோட்டத்துப் பாலத்தடியிலோ பத்து நிமிடம் குனிந்து பார்த்தால் கற்களை எப்படி அடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டுரையும் தேவைப்படாது.

செடி வேண்டுமென்றால் ஜாவா பேர்ன், அனுபியாஸ் இரண்டையும் நூலால் கல்லில் கட்டிவிடுங்கள். மற்றவை பிடுங்கிக்கொண்டு போகும்.

பொறுக்க வேண்டிய வாரங்கள்

மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைக் கேடு குறைந்ததாக மாற்றும் பற்றீரியாக்கள் ஸ்பொஞ்சிலும் கற்களிலும் குடியேற வேண்டும். தாழ்நாட்டில் இதற்கு நான்கு வாரங்கள் என்பார்கள். குளிரில் அவை மெதுவாகத்தான் பெருகும். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் ஆறு முதல் எட்டு வாரங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மீன் இல்லாவிட்டாலும் நாளுக்கு ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டுக்கொண்டே வாருங்கள்; அது அழுகி வரும் அமோனியாதான் பற்றீரியாக்களுக்கு இரை. அமோனியாவும், அது மாறும் வழியில் உண்டாகும் நைத்திரைற்று என்ற நஞ்சும் சோதனைக் கருவியில் பூச்சியமாகிய பிறகே மீன். தெரிந்தவரின் பழைய தொட்டியிலிருந்து அழுக்கான ஸ்பொஞ்ச் துண்டொன்று கிடைத்தால் காத்திருக்கும் காலம் பாதியாகலாம்.

எந்த மீன்?

ஓடையில் துண்டு போட்டுப் பிடித்து வந்து விடுவதுதான் முதலில் தோன்றும். வேண்டாம். கல்லில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி மேயும் கர்ரா சிலோனென்சிஸ் இலங்கைக்கே உரியது. சிங்களத்தில் கல் பாண்டியா என்பார்கள். வேறெந்த நாட்டிலும் இல்லாத மீன்கள் நமது ஆறுகளில் இன்னும் பல உண்டு. நக்கிள்ஸ் அடிவாரத்து ஆறுகளில் மட்டும் ஒண்டியிருக்கும் சில இனங்கள் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. இவற்றில் பலவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பிடிப்பவருக்கு எது எந்த மீன் என்று பெரும்பாலும் தெரியாது என்பதே இதில் பெரிய சிக்கல்.

கடையில் வளர்ப்பு மீனாகக் கிடைப்பவற்றிலேயே நல்ல தெரிவுகள் இருக்கின்றன. நுவரெலியா போன்ற குளிர் இடங்களுக்கு வெண்முகில் மீன் எனத்தக்க வைட் கிளவுட் மினோ. சீனத்து மலையோடைகளின் மீன், 18 முதல் 22 பாகையில் செழிக்கும், அதைவிடக் குளிரையும் தாங்கும். பதுளை, கண்டி, பண்டாரவளைப் பக்கம் சீப்ரா டேனியோ. இவை கூட்டமாக வாழ்பவை; எட்டுப் பத்து மீன்களாவது வேண்டும். ரோசி பார்ப் வளர்ந்தால் பெரிதாகும் என்பதால் நான்கைந்து போதும். நீளச் செட்டை ஏஞ்சலையும் சண்டை மீனையும் இந்த ஓட்டத்தில் விடுவது கொடுமை. "டேங்க் கிளீனர்" என்று சொல்லி விற்கும் கெளுத்தி ஓர் அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் மக்கள் அதை ஆற்றில் கொண்டுபோய் விட்டுவிட, நமது நீர்நிலைகளில் அது பெரிய தொல்லையாகிவிட்டது.

மின்சாரமும் பராமரிப்பும்

20 வொட் பம்ப் ஒன்று இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு 14 அலகுக்குச் சற்று அதிகம். சிறிதாகத் தோன்றும், ஆனால் நம்முடைய கட்டணம் அலகுத் தொகுதிகளாக ஏறுவது. மாதம் 25 அலகில் நிற்கும் வீடு 30ஐத் தாண்டினால் பட்டியல் எப்படி மாறும் என்று முதலில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பிளக்கை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். முடியாவிட்டால் வயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள். வழியும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யாத வீட்டில் மீன் தொட்டி வேண்டாம்.

2022 மார்ச் கடைசியில் நாள் ஒன்றுக்குப் 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். ஓட்டம் நின்றால் ஓடை மீன்தான் முதலில் திணறும். பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள். மின்சாரம் இல்லாதபோது உணவு போடாதீர்கள். பல மணி நேரம் நின்றுபோயிருந்தால், ஸ்பொஞ்ச் இரண்டையும் எடுத்து அலசிய பிறகே பம்பைப் போடுங்கள். காற்றின்றி உள்ளே அழுகிய அழுக்கு அப்படியே தொட்டிக்குள் பாயாமல் இருக்கும்.

வாரம் ஒரு தடவை கால் பங்கு நீரை மாற்றுங்கள். ஜனவரி, பெப்ரவரியில் பனி விழும் இடங்களில் குழாய் நீர் தொட்டி நீரைவிடப் பல பாகை குளிராக இருக்கும். கொஞ்சம் சுடுநீர் கலந்து, கைக்கு வித்தியாசம் தெரியாதபடி ஊற்றுங்கள். வெளியே எடுத்த பழைய நீரிலேயே ஸ்பொஞ்சைப் பிழிந்து அலசுங்கள். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது; நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு தவிர, இரண்டையும் ஒரே நாளில் கழுவ வேண்டாம், கழுவினால் பற்றீரியாக் குடியிருப்பில் பெரும்பகுதி போய்விடும். அலசிய பிறகும் ஓட்டம் தளர்ந்தே இருந்தால் குறை ஸ்பொஞ்சில் இல்லை. பம்பைக் கழற்றி, உள்ளே சுழலும் காந்தத் துண்டை இழுத்தெடுத்து, அதைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பைப் பழைய பற்தூரிகையால் தேய்த்துவிடுங்கள். அதன் செராமிக் ஊசி மெல்லியது, அவசரத்தில் முறியும்.